காங்ரா பள்ளத்தாக்கில் உப்பு செய்த வேலை



உப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, குழம்பில் போடுவதுதானே என்பீங்க. அந்தக் குழம்பு உப்பே ஒரு பள்ளத்தாக்கு மக்களின் கழுத்து வீக்கத்தைக் குறைத்த கதை இது.

இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. இப்போது இமாசலப் பிரதேசம். 1956-ல் பஞ்சாப் மாநிலம். நெல், கோதுமை, மக்காச்சோளம் விளைகிற பூமி. ஆனால் அங்கே பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேருக்குக் கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. இதை முன்கழுத்துக் கழலை என்பார்கள். வீக்கம் மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். கர்ப்பிணித் தாய்க்கு இந்தக் குறை கடுமையாக இருந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை சரியாக வளராது. காது கேளாமல், பேச்சு வராமல் போகும் பிள்ளைகளும் உண்டு. பிறகு என்ன வைத்தியம் செய்தாலும் அது முழுசாகத் திரும்பாது.

கோளாறு மண்ணில் இருந்தது. மலைப் பிரதேசத்தில் மழையும் உருகுகிற பனியும் காலங்காலமாக மண்ணை அரித்து, அயோடின் என்ற சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். மணிச்சத்து குறைந்தால் பயிரே காட்டிக் கொடுத்துவிடும். அயோடின் அப்படி இல்லீங்க. பயிர் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். அதைத் தின்கிற மனுஷனுக்கும் மாட்டுக்கும்தான் குறை வரும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, அயோடின் போதாமல் பெருத்துப் போகும். இத்தனைக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி தேறாது!

டாக்டர் ராமலிங்கஸ்வாமியும் அவருடைய கூட்டாளிகளும் இதை உப்பில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை என்றால் நாலு நாளில் மறந்துவிடுவோம். உப்பு அப்படியா? ஏழை, பணக்காரர் எல்லார் வீட்டிலும் தினமும் உலையேறுகிற சாமான். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பும், ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்தார்கள். 1962-ல் பார்த்தால், அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதியிலும் கழலை பாதியும் அதற்கு மேலும் குறைந்திருந்தது. வெறும் உப்புப் பகுதியில் துளியும் குறையவில்லை. அந்த ஜனங்கள் அத்தனை வருஷம் காத்திருந்தது மனசுக்குச் சங்கடம்தான். அதன் பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு வந்தது.

அதே 1962-ல் அரசாங்கம் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் இதை மலையோர வியாதி என்றே நினைத்தார்கள். பின்னால் சமவெளி ஜில்லாக்களிலும் கண்டார்கள். 2006 மே மாதத்திலிருந்து, அயோடின் சேராத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கக்கூடாது என்று நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

"தூத்துக்குடி, வேதாரண்யத்து உப்பு கடல் உப்பாச்சே, அதிலே அயோடின் இருக்காதா?" என்று கேட்பீங்க. கடல் தண்ணீரில் இருப்பதே சொற்பம்; உப்பாக விளையும்போது அதிலும் கொஞ்சம்தான் தங்கும். ஆகவே உப்பளத்துக் கல் உப்பாக இருந்தாலும் அயோடின் சேர்த்தாக வேண்டும்.

வாங்கிய உப்பை வெயிலிலும் ஈரத்திலும் திறந்து போடாதீங்க, அயோடின் குறைந்துபோகும். மூடிபோட்ட ஜாடியில், அடுப்பு அனலுக்குத் தள்ளி வையுங்க. அயோடின் வேண்டுமே என்று உப்பைக் கூட்டவும் வேண்டாம். உப்பு மிஞ்சினால் ரத்தக் கொதிப்பு ஏறும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் சேர்த்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்கட்டும்.