அரிவரி ரீச்சர்மார்

எமது சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி, பழைய மாணவிகள் எந்தெந்தத் துறைகளுக்குச் சென்றார்கள் என்று நாம் பேசும்போதெல்லாம் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் என்றே பெயர்கள் வருகின்றன. முன்பள்ளி ஆசிரியையாகப் போனவர்களை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவர்களோ எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர்.

இத்துறையின் வரலாற்றில் வைத்தியர்களாகிய எமக்கும் ஓர் உரிமை உண்டு. மரியா மொண்டிசூரி அம்மையார் 1896 இல் உரோமில் வைத்தியப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கப் போய், அவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்று கண்டு, 1907 இல் உரோமின் சான் லொரென்சோ தொழிலாளர் குடியிருப்பில் தமது முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தப் பக்கமே தங்க நேர்ந்தது. அவ்வாறுதான் 1944 இல் இலங்கையிலும் ஒரு பயிற்சி நெறியை நடத்தினார். இன்றும் எந்த முன்பள்ளியையும் 'மொண்டிசூரி' என்று அழைப்பவர்கள் எம்மிடையே உண்டு. (பெயர்ப்பலகையில் மட்டும் மொண்டிசூரி உள்ள இடங்களும் உண்டு என்பது வேறு கதை.)

அதற்கு அடுத்த ஆண்டு, 1945 இல், கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பதே அதன் வாக்குறுதி. அரிவரி படிப்பித்த ஆசிரியை, மேல்வகுப்பு ஆசிரியையைப் போலவே சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவராக இருந்தார். 1972 சீர்திருத்தத்தில் பாடசாலையில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் அது மீண்டும் ஐந்தானது. ஆனால் ஐந்து வயதுக்கு முந்திய கல்வி அரச பாடசாலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. சனசமூக நிலையங்கள், கோயில்கள், தேவாலயங்கள், மாதர் சங்கங்கள், தனியார் என்று பலரும் அதை ஏற்று நடத்தினர். இடப்பெயர்வுக் காலங்களில் மரநிழலிலும் நடத்தினர். பிள்ளைகளோடு சேர்த்து ஆசிரியைகளும் இலவசக் கல்விக்கு வெளியே நின்றார்கள் என்பதை நாம் போதிய அளவு பேசியதில்லை. இன்றும் அவர்களுட் பெரும்பாலானோர் பெற்றோர் கட்டும் சிறு கட்டணத்தையும் ஏதேனும் கொடுப்பனவையும் நம்பியே இருக்கின்றனர்.

உயர்தரத்தில் வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளை 'சும்மா இருக்காமல்' செய்யும் வேலை இது என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. உண்மையில் இது படித்துத் தேற வேண்டிய துறை. பிள்ளையின் வளர்ச்சிப் படிகள், மொழி, விளையாட்டு, போசாக்கு, அவதானித்துப் பதிவு செய்தல், செய்முறைப் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், திறந்த பல்கலைக்கழக டிப்ளோமா என்று படிப்படியாக மேலே செல்லலாம். பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தராகலாம். விசேட கல்விக்குத் திரும்பலாம். சிறுவர் நூல் எழுதலாம், பயிற்றுநராகலாம்.

கிளினிக்கில் ஒரு பிள்ளையை நாம் பார்ப்பது சில நிமிடங்கள். ஆசிரியை பார்ப்பது கிழமையில் ஐந்து நாள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் பிள்ளையை, மூன்று வயதாகியும் சொற்கள் சேராத பிள்ளையை அவரே முதலில் இனங்கண்டு தாயிடம் சொல்கிறார். காது கேளாமை ஒரு வருடம் முந்தித் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் பேச்சே வேறாகிவிடும். பயிற்சி பெற்ற ஆசிரியை அனுப்பும் பிள்ளை எம்மிடம் நேரத்தோடு வந்து சேர்கிறது.

கடல் கடந்த எமது சகோதரிகளுக்கு இது புதிதல்ல. கனடாவின் ஒன்ராறியோவில் பதிவு பெறாத எவரும் தம்மைப் பாலர் கல்வியாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அங்குள்ள பாலர் வகுப்புகளில் ஆசிரியரோடு அவரும் சேர்ந்தே கற்பிக்கிறார். இங்கு அரிவரி படிப்பித்துவிட்டுச் சென்று, அங்கே டிப்ளோமா முடித்து அவ்வேலையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர்.

சங்கத்தின் புலமைப்பரிசில்கள் இதுவரை பல்கலைக்கழகம் புகும் மாணவிகளுக்கே போகின்றன. அவற்றுள் ஒன்றையாவது பாலர் கல்வி டிப்ளோமா படிக்கும் மாணவிக்கு ஒதுக்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கவிருக்கிறோம்.