பிஸ்மார்க் சொன்ன அறுவையும் பெர்க்மான் எண்ணிய அறுவையும்

1887 மே மாதம், ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்கின் தொண்டையில், புற்றென ஐயுற்ற கட்டிக்காகக் கத்தி படாமல் தடுத்தது பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கன்சியின் விவேகமே என்று வாதிடும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. குரல்வளையை முழுதாக அகற்றியபின் அக்காலத்தில் பலர் சில வாரங்களுக்குள் இறந்தனர். ஆகவே அறுவையைத் தள்ளிப்போட்டதால் இழப்பேதும் இல்லை என்பது அதன் சாரம். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அது வேறோர் அறுவையின் கணக்கு என்கிறேன்.

இவ்வாதத்தின் ஆணிவேர் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் நினைவுக்குறிப்பு. மருத்துவர்கள் இளவரசரிடம் சொல்லாமலே அவரை மயக்கி, குரல்வளையை அகற்ற முடிவு செய்திருந்தனர். தாம் குறுக்கிட்டதால், மகனின் இசைவின்றி அறுவை கூடாதென்று பேரரசர் தடுத்துவிட்டார் என்கிறார் அவர். நூல் வெளிவந்தது 1898இல், அவர் மறைந்த பிறகு. இதற்கிடையில், 1887 நவம்பரில் சான் ரெமோவில் முழு நீக்கம் பற்றிய பேச்சு எழுந்து, இளவரசர் அதை ஏற்கவில்லை. பேரரசராகி 99 நாளில், 1888 ஜூன் 15 அன்று, அவர் இறந்தார். அதன்பின் ஜெர்மன் மருத்துவர்களின் அறிக்கையும் மெக்கன்சியின் மறுப்பு நூலும் மோதிக்கொண்டன. நவம்பர்ப் பேச்சு மே மாத நினைவுக்குள் கலந்துவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் அறுவைக்குத் திட்டமிட்ட மருத்துவர் பெர்க்மானின் தரப்பு சொல்வது வேறு: கழுத்தின் முன்புறமாகக் குரல்வளையைப் பிளந்து, இடது குரல்நாணிலிருந்த கட்டியை மட்டும் எடுப்பது. மருத்துவர் கெர்ஹார்ட் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பியால் பலமுறை சுட்டும் மீண்டும் வளர்ந்த சிறு கட்டி அது. அதற்குப் பொருந்துவது இவ்வறுவையே. அடுத்த பத்தாண்டில் லண்டனில் பட்லின், செமன் என்ற மருத்துவர்கள் தொடக்கநிலைப் புற்றுக்கு இதையே செய்து நல்ல பலன் கண்டனர்.

இரண்டிலும் சாவு வரும் வழி ஒன்றல்ல. அன்றைய முழு நீக்கத்தில் தொண்டைக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே தடுப்பே இல்லாமல் போகும். உமிழ்நீரும் உணவும் காயத்துச் சீழும் நுரையீரலுக்குள் இறங்கும். அறுவை மேசையில் பிழைத்தவர் சில நாளில் நிமோனியாவில் போவார். பிளப்பறுவையில் குரல்வளைக் கூடு அப்படியே நிற்கிறது. அறுவையின்போது இரத்தம் கீழே இறங்காமல் அடைக்க டிரெண்டலென்பர்க் என்ற மருத்துவரின் குழாயும் ஏற்கெனவே கையில் இருந்தது.

பெர்க்மான் தரப்பு தன்னைக் காத்துக்கொள்ளவே அப்படி எழுதியது என்பர். பிஸ்மார்க் மட்டும் வேறெதற்கு எழுதினாராம்? வலுவான மறுப்பு ஒன்றுதான்: இடது குரல்நாணின் அசைவு குறைந்திருந்தது. புற்று ஆழமாக இறங்கியிருந்தால், திறந்த பிறகு பாதியையோ முழுவதையுமோ எடுக்க நேர்ந்திருக்கலாம். அந்த அளவுக்குப் பிஸ்மார்க்கின் அச்சம் நியாயமே. அதற்காக, திட்டமே அதுதான் என்றாகிவிடாது.

அறுவையைத் தள்ளிப்போடக் காரணமான ஆய்வும் முழுதாகப் படிக்கப்படவில்லை. மெக்கன்சி கட்டியிலிருந்து எடுத்தனுப்பிய துணுக்குகளில் புற்று இல்லை என்றார் நோயியல் அறிஞர் விர்ஷோ. இத்துணுக்குகளைக் கொண்டு நோய் முழுவதையும் உறுதியாகத் தீர்மானிக்க முடியாது என்றும் ஜூன் அறிக்கையில் எழுதினார். முன்னதைப் பற்றிக்கொண்டவர்கள் பின்னதை விட்டுவிட்டனர்.

பிளப்பறுவை இளவரசரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லச் சான்றில்லை. ஆயினும், முழு நீக்கத்தின் சாவுக் கணக்கைக் காட்டி, மே மாத முடிவுக்காக மெக்கன்சியை விடுவிக்கும் தீர்ப்பு செல்லாது.