இதயத்திலிருந்து ஈரலுக்கு

எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளில் முதலாவது, கல்லீரலுக்காகப் பிறந்தது அல்ல. அது மாரடைப்புக்காரர்களின் ரத்தத்திலிருந்து வந்தது.

அதற்கும் முன்பு புறா. 1937-ல் மாஸ்கோவில் பிரவுன்ஷ்டைனும் கிரிட்ஸ்மனும் புறாவின் மார்புத் தசையை அரைத்துப் பார்த்தபோது, ஓர் அமினோ அமிலத்தின் நைட்ரஜன் துண்டு இன்னொரு மூலக்கூறுக்கு இடம் மாறுவது தெரிந்தது. இப்படி மாற்றிவிடும் நொதிகள், எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் உட்பட, செல்லுக்குள்ளேயே வேலை பார்ப்பவை. ரத்தத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

1954-ல் நியூயார்க்கில் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகிய மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் சீரத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறுவதைக் காட்டினார்கள். இதயத் தசை செத்தால் உள்ளே இருந்தது வெளியே கசிகிறது. சில நாட்களில் அளவு இறங்கிவிடுகிறது. கல்லீரல் நோயாளிகளைச் சோதித்தபோது ஏற்றம் அதைவிடப் பல மடங்கு இருந்தது. பெரும்பாலும் ஈரலிலேயே குவிந்திருக்கும் எஸ்.ஜி.பி.டி.யும் 1956-ல் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு இத்தாலியில் டி ரிட்டிஸ் இரண்டின் விகிதத்தைப் பார்க்கச் சொன்னார். குடியால் கெட்ட ஈரலில் எஸ்.ஜி.ஓ.டி. பெரும்பாலும் மற்றதைவிட இரு மடங்குக்கு மேல் போகும். மாரடைப்புச் சோதனை பிற்பாடு ட்ரோபோனின் என்ற புரதத்துக்கு மாறிவிட்டது; வந்த நொதி ஈரலோடு தங்கிவிட்டது.

இவ்வளவு சிறிய அளவை எப்படிப் பிடிக்கிறார்கள்? நொதியை யாரும் எண்ணுவதில்லை, அது செய்யும் வேலையின் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். சீரத்தோடு அலனினும் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டும் சேர்த்தால் எஸ்.ஜி.பி.டி. பைருவேட்டை உண்டாக்கும். கூடவே விட்டிருக்கும் இன்னொரு நொதி அதை லாக்டேட்டாக்கும்போது என்.ஏ.டி.ஹெச். செலவாகிறது. என்.ஏ.டி.ஹெச். 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கும் பொருள். அது குறையக் குறைய அதிக ஒளி கடக்கிறது. ஒளி கூடும் வேகமே லிட்டருக்கு இத்தனை யூனிட் என்ற எண்ணாகிறது. லேபில் ஓடும் இயந்திரம் எவ்வளவு புதியதானாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். கைபடாமல் ஒளியை வைத்தே கசிவை அளந்த அந்த யுக்தி எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

எஸ்.ஜி.பி.டி.யின் வாழ்க்கையில் ஒரு விசித்திரக் காலமும் உண்டு. ரத்தம் ஏற்றியவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்ற வகை மஞ்சள்காமாலை வந்துகொண்டிருந்தது. கிருமி எதென்று பிடிபடவில்லை. 1980-களின் நடுவில் அமெரிக்க ரத்த வங்கிகள் எஸ்.ஜி.பி.டி. அதிகமாக இருந்த பைகளை ஒதுக்கின. ஆளைத் தெரியாமலே காலடித் தடத்தை வைத்துத் துரத்திய கதை. 1989-ல்தான் ஹெபடைட்டிஸ் சி வெளிப்பட்டது.

ஈரலைக் கெடுக்கக்கூடிய காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த எண் இயல்பின் உயர் வரம்பைப் போல் ஐந்து மடங்கு தாண்டினால், வாந்தியோ மஞ்சளோ இருந்தால் மூன்று மடங்கிலேயே, மருந்தை நிறுத்துவார்கள். பாராசிட்டமால் அளவுமீறியவரிடம் ஆயிரங்களில் போகும். கடுமையாக உடற்பயிற்சி செய்தவரிடமும் கொஞ்சம் ஏறும், தசையிலும் இந்நொதிகள் இருப்பதால்.

எஸ்.ஜி.பி.டி. பாதியாக ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும், எஸ்.ஜி.ஓ.டி. அதைவிட வேகமாக இறங்கும். இறங்கினால் குணம் என்று வீட்டார் மகிழ்வார்கள். கசியச் செல்லே மிச்சமில்லாத ஈரலிலும் எண் இறங்கும். அதனால் மருத்துவர் அந்த வரியை விட்டு மஞ்சள்காமாலையைக் காட்டும் பிலிருபினையும் ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆரையும் பார்க்கிறார், அவை ஏறிக்கொண்டிருந்தால் நோயாளியை மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார்.