ரோமில் கழன்ற கம்பி

மூளை நாடியின் சுவர் நலிந்து குமிழாகப் புடைத்திருப்பது, அது வெடிக்கும்வரை பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. 1937இல் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டான்டி மண்டையோட்டைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போட்டார். நெடுங்காலம் அதுவே வழி.

1980களின் தொடக்கத்தில் ரோமில் வைத்தியர் குய்டோ குக்லியெல்மி, குமிழுக்குள் மின்சாரம் செலுத்தி இரத்தத்தை உறையவைக்க முயன்றார். ஒரு பரிசோதனையில் உருக்குக் கம்பியின் நுனி மின்பகுப்பில் அரிக்கப்பட்டு உள்ளேயே கழன்றுவிட்டது. எதிர்பாராத அந்தக் கழற்சியை அவர் மறக்கவில்லை. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸில், பொறியியலாளர் இவான் செபெட்காவோடு சேர்ந்து, உருக்குக் கம்பியின் முனையில் மென்மையான பிளாட்டினச் சுருளைப் பொருத்தினார். தொடையிடுக்கு நாடியால் நுழையும் சுருள் பெருநாடி, கழுத்து நாடி வழியே மூளைக்கு ஏறும். சரியாக அமராவிட்டால் பின்னிழுக்கலாம். அமர்ந்துவிட்டால் சிறு மின்னோட்டம் இணைப்பைக் கரைத்துவிடும். குமிழ் நிறையும், உள்ளே இரத்தம் உறையும், மண்டையோடு திறக்கப்படாது.

முதல் நோயாளிக்கு அது வைக்கப்பட்டது 1990 மார்ச்சில். அதே ஆண்டு ஜூனில் இங்கே, இலங்கையில், போர் மீண்டும் மூண்டது. வன்னிக்கு டோர்ச் பற்றரிகூடத் தடைப்பொருளானது. 1995 செப்டெம்பரில் அமெரிக்கா சுருளுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த மாதங்களில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து வன்னிவரை வந்தது. 2002இல், ஏ9 வீதி திறந்த ஆண்டில், இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2,143 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது: ஓராண்டின் பின் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ முடியாதோரும் கிளிப் போட்டவர்களில் நூற்றுக்கு 31, சுருள் வைத்தவர்களில் 24. உலகம் சுருளின் பக்கம் திரும்பியது. எங்கள் சனத்துக்கு அந்தக் காலமெல்லாம் காயத்துக்கு மருந்து கிடைப்பதே பெரும்பாடு.

இன்று தடை இல்லை, தூரம் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலை 300 கிலோமீற்றருக்கும் அப்பால். வெடித்த குமிழ் மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணிநேரத்தில்தான் மிக அதிகம். ஆகவே வெடிப்பின் அறிகுறியாகக்கூடிய, சில நொடிகளில் உச்சத்துக்கு ஏறும், முன்பு கண்டிராத தலையிடிக்கு பனடோல் கொடுத்து விடியும்வரை படுக்கவைக்காதீர்கள். 2018 முதல் வடக்கிலும் ஓடும் இலவச அம்புலன்சை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். தலையிடி தொடங்கிய நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள்: முதல் ஆறு மணிநேரத்துக்குள் எடுக்கும் சி.ரி. ஸ்கானில் இரத்தம் தெளிவாகத் தெரியும். நாள் போகப்போக மங்கிவிடும்.