முடக்குவாத மருத்துவத்தில் கோவையின் தடம்

ஆனைமலை அடிவாரத்துப் பிள்ளைகளான நமக்கு நொச்சியும் முடக்கறுத்தானும் சித்தரத்தையும் புதியவை அல்ல. மூட்டு வீங்கினால் நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுத்தே உடுமலை வட்டாரம் வளர்ந்தது. அந்தக் கைமருந்து அறிவை உலக ஆய்வு மேடைக்கு அழைத்துச் சென்ற பெருமை, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உண்டு.

1943-இல் ஆரிய வைத்தியன் பி. வி. ராம வாரியர் இந்நிறுவனத்தைக் கோவையில் தொடங்கினார். ஆங்கில மருத்துவமே மருத்துவம் என்று கருதப்பட்ட காலம் அது. ஒரு பங்கு மருந்துச் சரக்குக்குப் பதினாறு பங்கு நீர் விட்டு, எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சும் பழைய கஷாய முறையைக் கைவிடாமலே அவர் பெரிய அளவில் மருந்து தயாரித்தார்.

எழுபதுகளில் ஆய்வுப் பணி முளைத்தது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் துணையோடு 1977-இல் முடக்குவாத ஆய்வு கோவையில் தொடங்கியது. ராம வாரியரின் மகன் பி. ஆர். கிருஷ்ணகுமார் அடுத்த ஆண்டே குருகுல முறையிலான ஆயுர்வேதக் கல்லூரியையும் நிறுவினார்.

அதன்பின் ஆய்வகங்களும் மூலிகைகளை நோக்கித் திரும்பின. மஞ்சளின் குர்குமின், அழற்சியைத் தூண்டும் செல் சமிக்ஞைகளைத் தணிப்பது தெரியவந்தது.  

புத்தாயிரத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியுதவியோடு, அந்நாட்டுப் பல்கலைக்கழக அறிஞர்களுடன் சேர்ந்து கோவையில் முடக்குவாதத்துக்கான இரட்டை மறைப்பு ஆய்வு நடந்தது. எந்த நோயாளிக்கு எது உண்மை மருந்து, எது போலி மருந்து என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. கஷாயத்தின் கசப்பையும் மணத்தையும் போலி மருந்திலும் கொண்டுவருவது பெரும் சவால். நோயாளிக்கு நோயாளி மருந்து மாறும் ஆயுர்வேத நெறியையும் விட்டுவிடவில்லை. 43 நோயாளிகள், 36 வாரங்கள். 2011-இல் வெளியான முடிவுகளில், ஆயுர்வேதமும், முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரப்படும் ஆங்கில மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் ஏறக்குறைய ஒத்த பலனையே காட்டின. இத்தகைய முன்னோட்ட ஆய்வு முடக்குவாதத்தில் அதுவே முதல்.

2009-இல் பத்மஸ்ரீ பெற்ற கிருஷ்ணகுமார் 2020-இல் மறைந்தார். ஓலைச்சுவடி அறிவை ஆய்வுத்தாளில் நிறுத்திக் காட்டிய அந்த உழைப்பைத் தொடர்வது, கொங்கு மண்ணின் இளம் வைத்தியர்கள் ஏற்றுள்ள கடமை.