தும்கூரும் இருமல் மருந்து பாட்டிலும்

பெங்களூர் பெல்லாரி ரோட்டில் தேசிய காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1959-ல் ஆரம்பித்தது. ஆபீஸ் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகும் நம்மாட்கள் பலருக்கு அதன் கதை தெரியாது. எனக்குப் பிடித்த கதை என்பதால் எழுதி வைக்கிறேன்.

1882-ல் ராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். சீக்கிரமே சளியைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, அமிலத்தில் கழுவிப் பார்க்கும் முறை வந்தது. மற்றதெல்லாம் வெளுத்துவிடும், இந்தக் கிருமி மட்டும் சிவப்பாக நிற்கும். மலிவான சோதனைதான். ஆனால் 1950-களில் மவுசு எக்ஸ்ரேவுக்கு! 1955-58 தேசிய சர்வேயில் எக்ஸ்ரே வைத்துத்தான் தேடினார்கள். நகரத்தைப் போலவே கிராமத்திலும் நோய் இருப்பது அப்போது தெரிந்தது. சரி, எல்லா கிராமத்துக்கும் எக்ஸ்ரே வண்டி அனுப்பிக் கட்டுப்படியாகுமா?

தேபபர் பானர்ஜியும், உலக சுகாதார நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நோயுள்ளவர்களிடமே விசாரித்தார்கள். கிராமத்து ஜனங்களுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும், நாம்தான் தேடிப் பிடிக்கணும் என்று பலரும் நினைத்திருந்த காலம். 1963-ல் வெளியான முடிவு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சளியை யாரும் பார்க்கவில்லை.

1962-ல் தொடங்கிய மாவட்ட காசநோய்த் திட்டம், சாதாரண சுகாதார நிலையத்திலேயே மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்க்க வேண்டும் என்று வைத்ததற்கு இந்த வேலை ஒரு முக்கியக் காரணம்.

மைக்ராஸ்கோப்பிலும் குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். குழந்தைகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் பலர் தப்பிவிடுவார்கள். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்த ஜீன்எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொன்னது. 2020-ல் நம்ம கோவாக்காரர்களின் ட்ரூநாட்டுக்கும் ஒப்புதல் கிடைத்தது. பாட்டரியிலேயே ஓடும்.

நடுவில் ஒரு கூத்து. ரத்தத்தில் காசநோய் பார்க்கிறோம் என்று தனியார் லேப்கள் கல்லா கட்டிய காலம். 2009-ல் என் ரூம்மேட்டுக்கு ஒரு மாதமாக இருமல். பக்கத்து கிளினிக்கில் மூன்று முறை சிரப், அப்புறம் அந்த ரத்த டெஸ்ட். 'ஒன்றுமில்லை' என்று ரிசல்ட். வேறொரு டாக்டர்தான் சளியைக் கேட்டார். பாசிட்டிவ். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினான்.

அந்த ரத்த டெஸ்டுகளை நம்ப முடியாது, பயன்படுத்தாதீர்கள் என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2012-ல் இந்திய அரசு தடை செய்தது. பில்லை இன்னும் வைத்திருக்கிறானாம் பயல்.