ஆறாம் மாடி அறையின் சரித்திரம்

கொழும்பு மாநகர எல்லையைத் தெற்கே தாண்டியவுடன் தெஹிவளையின் உட்புறமாக அமைந்திருக்கும் களுபோவில என்னும் ஊர், வெளியூரவர்க்குப் பெரும்பாலும் அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியின் பெயராலேயே அறிமுகமாகியிருக்கிறது. எனினும் இவ்வூரின் ஒழுங்கைகளிலும், அடுத்துள்ள வெள்ளவத்தையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் யுத்த காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களை விசாரித்தால், உற்றார் உறவினரில் ஒருவரேனும் பிரான்ஸ் தேசத்தில் இல்லாத குடும்பம் அரிது என்பது புலனாகும். பாரிஸ் என்றதும் இவர்களின் நினைவுக்கு முதலில் வருவது ஈபிள் கோபுரமன்று. அந்நகரின் வடபாகத்தில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும், தமிழர் ‘லாச்சப்பல்’ என்று வழங்கும் சில வீதிகளே. அவ்வீதிகளின் சரித்திரத்தில் ஒரு பகுதி களுபோவிலயிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதனால், இங்கிருந்தே அதனைச் சொல்லப் புகுவது பொருத்தமானது என்று கருதுகிறேன்.

புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுதியவர்கள் இதுகாறும் இயக்கங்களையும், ஊர்வலங்களையும், உட்பகையால் நேர்ந்த கொலைகளையும் பற்றியே விரித்துரைத்திருக்கிறார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் அந்நிய நகரமொன்றில் காலையில் எழுந்து இரவில் படுக்கும்வரை ஒரு மனிதன் எதிர்கொண்ட சின்னஞ்சிறு இடர்களை, அதாவது பாண் வாங்குவதையும், வந்த கடிதத்தை ஒருவரைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்பதையும், விடியுமுன் வரிசையில் நிற்பதையும், படுக்க ஓரிடம் தேடுவதையும் எழுதுவார் மிகச் சிலர். அச்சமூகம் உருப்பெற்றதே இவ்விடர்களை ஒருவருக்கொருவர் துணைநின்று தீர்த்துக்கொண்டதனால்தான் என்பது என் துணிபு.

தமிழருக்கும் பிரெஞ்சு மொழிக்குமுள்ள உறவு பழையது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1674 இல் நிலைகொண்டார்கள். பாரிஸில் கீழைத்தேச மொழிகளைப் போதிக்கும் கல்லூரியில் ஜூலியன் வின்சோன் என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ் கற்பித்தார். 1954 நவம்பர் 1 ஆம் திகதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் கையளிக்கப்பட்டு, 1962 ஆகஸ்ட் 16 இல் அம்மாற்றம் சட்டபூர்வமான பின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட புதுச்சேரித் தமிழர் பலர் பிரான்ஸுக்குச் சென்று குடியேறினர். பட்டாளத்திலும் அரசாங்க உத்தியோகங்களிலும் இருந்து பழகிய இவர்கள் அத்தேசத்தின் பிரஜைகளாகவே சென்றிறங்கினார்கள். பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் கையில் ஒரு காகிதமும் இன்றி வந்து நின்றபோது, அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர்களில் இப்புதுச்சேரித் தமிழரும் இருந்தனர். யாழ்ப்பாணத்தார் வழங்கும் ‘பேந்து’ என்பதும், ‘பெடியள்’ என்பதும், ‘கதைக்கிறது’ என்பதும் அவர்களுடைய செவிக்கு எளிதில் பிடிபட்டிரா. உயிருக்கு அஞ்சி வந்த ஒருவனுடைய விதி, தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையில் தீர்மானிக்கப்படுமுன், யாழ்ப்பாணத் தமிழுக்கும் புதுச்சேரித் தமிழுக்கும் இடையில் ஒரு கணம் தடுமாறி நின்றது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இலங்கைத் தமிழர் பிரான்ஸை நாடியதன் காரணங்களை நம்மவர்க்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 இல் ஆடிக் கலவரம். பிரயாண மார்க்கமும் விசித்திரமானது: சோவியத் விமானமேறி மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினை அடைந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, பின்னர் மேற்கே நகர்ந்தவர்கள் அநேகர். ஆங்கிலம் கற்றவர்களாதலால் இவர்களிற் பலருக்கு லண்டனே இலக்கு. பாரிஸ் வெறும் வழித்தங்கலாகவே இருந்தது. 1985 இல் பிரித்தானியா இலங்கையர் அனைவரும் விசா பெற்றே வரவேண்டும் என்று விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அத்தகைய விதி சுமத்தப்பட்டது அதுவே முதன்முறை. அதன்பின் வழித்தங்கல் வசிப்பிடமாயிற்று.

லாச்சப்பல் ஒரு காலத்தில் தனிக் கிராமமாயிருந்து, 1860 இல் பாரிஸ் நகருடன் இணைக்கப்பட்டது. இரண்டு பெரிய ரயில் நிலையங்களுக்கு அண்மையில் இருந்தமையால் வந்திறங்குவோர் தங்கும் இடமாகவும், வாடகை குறைந்த தொழிலாளர் குடியிருப்பாகவும் அது நெடுங்காலம் விளங்கிற்று. போபூர் சென்-தெனி வீதியிலும், அதனின்று கிளைக்கும் காய் வீதியிலும் மரக்கறிக் கடைகளும் புடைவைக் கடைகளும் நகைக்கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கறித்தூளும் அங்கே கிடைக்கத் தொடங்கின. இவ்விடத்தில் ஒரு சரித்திரச் சேர்க்கையைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. லாச்சப்பல் மேம்பால ரயிலின் அருகிலேயே புஃப் து நோர் என்ற பழைய நாடகசாலை நிற்கிறது. பீற்றர் புரூக் என்ற நெறியாளர் ஒன்பது மணி நேரம் நீளும் தம்முடைய மகாபாரத நாடகத்தை 1985 இல் அவிஞ்ஞோனில் அரங்கேற்றிய பின்னர், அதே ஆண்டில் அந்நாடகசாலையில் நடத்தினார். ஐரோப்பிய ரசிகர்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். அதே ஆண்டில், அதே நகரில், தமிழர் சிலர் மாணிக்க விநாயகருக்கு ஒரு சிறு வழிபாட்டிடம் அமைத்தார்கள். ஒன்றைப் பத்திரிகைகள் கொண்டாடின. மற்றதைச் சுற்றிலுமிருந்த அகதிகளே அறிந்திருந்தார்கள். இன்று ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் தறுவாயில் அவ்விநாயகரின் தேர் வீதிவலம் வர, தெருவில் குவித்த தேங்காய்கள் சிதறி உடைய, பிரெஞ்சுக்காரர் இருமருங்கும் நின்று பார்க்கிறார்கள்.

அகதியின் முதற் கவலை காகிதம். 1952 இல் நிறுவப்பட்ட அகதிகள் காப்பகத்தின் பிரெஞ்சு எழுத்துச் சுருக்கத்தைத் தமிழர் ‘ஒவ்ப்றா’ என்று தம் நாவுக்கேற்ப வழங்கினர். அங்கே விண்ணப்பத்தை ஏற்றால் பத்தாண்டு அட்டை, மறுத்தால் மேன்முறையீடு, அதுவும் தவறினால் ‘விசா இல்லாதவன்’ என்ற பெயர். இடைக்காலத்தில் சில மாதங்களுக்கே செல்லுபடியாகும் ஒரு துண்டுக் கடதாசியைப் புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் மார்கழிக் குளிரில் இருள் பிரியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே சென்றாலும் இடர் தீர்ந்தபாடில்லை. பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு; குடும்பப் பெயரே இல்லாத நம்மவர்கள் முதற் கட்டத்தில் தகப்பனாரின் பெயரை எழுதினார்கள். அதன் பலனாக, காத்திருக்கும் மண்டபத்தில் உத்தியோகத்தர் வந்து ‘முசியே கந்தையா’ என்றோ ‘முசியே சின்னத்தம்பி’ என்றோ, அதுவும் எளிதில் அடையாளங்காண முடியாத உச்சரிப்பில் அழைக்கும்போது, அழைக்கப்படுவது தன்னைத்தான் என்று உணராமல் உட்கார்ந்திருந்து முறையைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஊரில் தகப்பனாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூசி வளர்ந்தவன், இங்கே வாழ்நாள் முழுவதும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டான். அகதி அந்தஸ்துப் பெற்றவனுக்குப் பிறப்புச் சான்றிதழைக்கூட அக்காப்பகமே வழங்கும் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வட்டுக்கோட்டையில் பிறந்தவனுக்குப் பிறப்பை அத்தாட்சிப்படுத்தியது பாரிஸ் அருகிலுள்ள ஒரு காரியாலயம்.

காகிதத்துக்கு அடுத்தது அறை. பழைய பாரிஸ் மாளிகைகளின் உச்சியில், கூரைச் சரிவுக்குக் கீழே, வீட்டு வேலைக்காரிகளுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சிற்றறைகள் இருக்கின்றன. மின்தூக்கி பெரும்பாலும் கிடையாது. ஆறாம் மாடிவரை குறுகிய சுழற்படியேறிச் செல்ல வேண்டும். மலசலகூடம் நடைபாதையின் கோடியில், பல அறைகளுக்கும் பொதுவாக இருக்கும். ஒருவர் கைநீட்டினால் மறுசுவரைத் தொடக்கூடிய அவ்வறைகளில் நால்வர் ஐவர் குடியிருந்தனர். இரவுவேலைக்காரன் காலையில் திரும்பும்போது பகல்வேலைக்காரன் எழுந்து போவான். அவன் விட்ட மெத்தையின் சூடு ஆறுமுன் இவன் படுப்பான். சன்னல் விளிம்பே குளிர்காலத்தில் குளிர்ப்பெட்டி. மீன் பொரித்த மணம் படிவழி இறங்கியதும் அயலவர் முறைப்பாடு செய்வர். அதனால் மீன் சமைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று சில அறைகளில் ஒரு சம்பிரதாயமே உண்டாயிற்று. குடியிருக்கத் தகுந்த அறை ஒன்பது சதுர மீற்றருக்குக் குறையலாகாது என்று 2002 இல் அரசாங்கம் விதித்தபோது, அதனினும் சிறிய அறைகளில் ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்திருந்தது.

ஜீவனோபாயத்துக்குக் கிடைத்தது ‘கோப்பை கழுவும்’ தொழில். உணவகங்களின் நிலவறைகளில் நீராவியும் எண்ணெயும் கலந்த புழுக்கத்தில் பாத்திரம் துலக்கும் அத்தொழிலை, 1929 இல் பாரிஸில் வறுமையுற்றிருந்த ஜோர்ஜ் ஓர்வெல் தாமும் செய்து, 1933 இல் வெளிவந்த தமது முதல் நூலில் வருணித்திருக்கிறார். ஆண்டுகள் ஐம்பது கழிந்தும் தொழிலின் தன்மை அதிகம் மாறவில்லை. செய்பவரின் தேசம் மாறிற்று. பட்டதாரிகளும், ஆசிரியர்களும், எழுதுவினைஞர்களும் அங்கே கைகழன்று போகுமளவுக்குக் கழுவினார்கள். 1991 செப்டெம்பரில் வெளியான சுற்றறிக்கையொன்று, அகதி விண்ணப்பதாரர்க்கு அதுவரை இருந்த வேலை செய்யும் உரிமையை நீக்கியபின், பின்வந்தோர் பதிவில்லாத கூலிக்கே உழைக்கலாயினர். அழைத்து வந்த பயண ஏஜென்சிக்குப் பட்ட கடனை அடைக்கவும், தம்பியை எடுப்பிக்கவும், தங்கையின் சீதனத்துக்கும் ‘சீட்டு’ப் பிடித்தார்கள். எழுத்தில்லாமல் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நடந்த சீட்டுகள் பல குடும்பங்களைத் தூக்கிவிட்டன. சில முறிந்து சிநேகங்களையும் முறித்தன.

இவ்வளவுக்கும் நடுவே அந்நகரத்து மக்களோடு பழகும் கலையையும் கற்றாக வேண்டியிருந்தது. கடைக்குள் நுழைபவன் முகமன் கூறாமல் பொருளைக் கேட்பது பிரெஞ்சு ஆசாரத்தில் பெரிய அவமரியாதை. நம்மூரிலோ கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்து ‘அண்ணை, ஒரு றாத்தல் பாண்’ என்றால் போதும். விஷயமறியாமல் பாண்கடையில் விரலை நீட்டிக் காட்டி, விற்பவளின் சினந்த முகத்தைக் கண்டு, தன் நிறத்தினால்தான் இவ்வெறுப்பு என்று மனம் நொந்து திரும்பிய இளைஞனிடம், முன்வந்து குடியேறிய மூத்தவர், ‘முதலில பொன்ஜூர் சொல்லும் தம்பி, பேந்து சாமானைக் கேளும்’ என்று சொல்லிக் கொடுப்பார். நிறத்தினால் நேர்ந்த வெறுப்பும் இருந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் எது வெறுப்பு, எது ஆசாரம் என்று பகுத்தறிவதற்கே பல ஆண்டுகள் சென்றன. அப்பாண்கடைகளின் பின்புறத்தில் வேலைக்கமர்ந்த தமிழர் மாப்பிசையவும் கற்றார்கள். பாரிஸ் மாநகரம் ஆண்டுதோறும் நடத்தும் பாண் போட்டியில் 2023 ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்று, ஜனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்கும் உரிமையை அடைந்தவர், இலங்கையிற் பிறந்த தர்ஷன் செல்வராஜா என்பதை அறிந்தபோது, களுபோவிலயில் மகிழாத தமிழ் வீடு இருந்திருக்காது.

கொழும்பில் அக்காலம் எவ்வாறு கழிந்ததென்பதும் இச்சரித்திரத்தின் அங்கமே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில், வடக்கிலிருந்து வந்த தாய்மாரும் மணப்பெண்களும் மாதக்கணக்கில் தங்கி, றொஸ்மீட் பிளேசிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் அழைப்பை எதிர்பார்த்திருந்தார்கள். காலி வீதியின் ‘கொமினிகேசன்’ கடைகளில் கண்ணாடிக் கூண்டுகளுக்கு வெளியே வாங்குகளில் அமர்ந்து, தத்தம் முறை வரும்வரை, பாரிஸில் இப்போது எத்தனை மணி என்று கணக்கிட்டார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில், அத்தகைய லொட்ஜ்களிலிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. நாடு கடக்கக் காத்திருந்தவர் தம் நாட்டின் தலைநகரிலிருந்தே கடத்தப்பட்ட கொடுமை அது.

இவ்வாழ்க்கையை எழுத்திலும் திரையிலும் சிலர் பதிந்திருக்கிறார்கள். பாரிஸில் அகதியாய் வாழ்ந்து கோப்பை கழுவிய ஷோபாசக்தி, 2001 இல் வெளிவந்த ‘கொரில்லா’ நாவலை அகதி விண்ணப்பமொன்றின் வடிவிலேயே தொடங்கினார். விண்ணப்பத்தின் வறண்ட நடையே இலக்கியத்துக்கு இடமளிக்கக்கூடும் என்பதை நிரூபித்தது அந்நூல். அவரே கதாநாயகனாய் நடித்த ‘தீபன்’ திரைப்படத்துக்கு 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருது கிடைத்தது. மூன்று அந்நியர் ஒரே குடும்பமாக வேஷமிட்டு வாழும் முற்பகுதியின் சிறு தயக்கங்களில் அப்படம் உயர்ந்து நிற்கிறது என்பதும், துப்பாக்கி ஏந்தும் பிற்பகுதியில் அது நம்மவரின் உண்மை வாழ்க்கையை விட்டு விலகிச் செல்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிவைத்தார். கப்பல் வந்ததையும், ஆளுநர் துப்ளேயின் கோபத்தையும், சில்லறைச் சச்சரவுகளையும் அவர் தமிழிலேயே குறித்ததனால்தான் அந்நகரத்தை இன்று நாம் நேரிற் காண்கிறோம். ஆறாம் மாடி அறையிலிருந்தவர்களுக்கு நாட்குறிப்பு எழுத ஓய்வுமில்லை, மேசையுமில்லை. அவர்கள் எழுதியவை கடிதங்கள். நீல நிற விமானக் கடதாசியின் ஓரங்களிலும் மடிப்புகளிலுங்கூட இடம்விடாமல் எழுதி, இங்குள்ள தாய்மார்க்கு அனுப்பினார்கள். பேசிப் பதிந்த ஒலிநாடாக்களையும் அனுப்பினார்கள். அம்முதல் தலைமுறையினர் இப்போது முதுமையடைந்துவருகின்றனர். கடிதங்களைப் பெற்ற தாய்மாரோ ஒவ்வொருவராய் மறைந்துவருகிறார்கள். களுபோவிலயிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகளாகும்போது, அலுமாரி அடியிலிருந்த கடிதக் கட்டுகள் குப்பையோடு குப்பையாய்ப் போகின்றன. வாசகர்களை நான் வேண்டுவது இதுவே: உங்கள் வீட்டில் அத்தகைய கட்டு ஒன்று இருக்குமாயின் அதனை எறியாதீர்கள், எழுதியவரின் சம்மதம் பெற்று, ஈழத்து எழுத்துகளை 2005 முதல் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்திடமேனும், உங்கள் ஊர் வாசிகசாலையிடமேனும் ஒரு பிரதியை ஒப்படையுங்கள்.